புஷ்பராஜின் வலது கையும் இரண்டு கமராக்களும்

கொட்டாஞ்சேனையில் புஷ்பராஜ் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. துறைமுகத்தில் ஏதோ வேலை என்பார்கள். உண்மையில் அவர் துறைமுகத்துக்குள் போவது எப்போதாவதுதான். கப்பலில் வந்த சரக்கு நனைந்தோ உடைந்தோ புழுத்தோ போனால், அது எங்கே எப்படிக் கெட்டது என்று போய்ப் பார்த்து, படம் எடுத்து, அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். சரக்குச் சேர்வேயர். இருபத்திரண்டு வருடமாக ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களிலும் வத்தளைப் பக்கத்துக் களஞ்சியங்களிலும் ஏறி இறங்குகிறார். வயது ஐம்பத்து மூன்று. ஒல்லியான ஆள். வெயிலில் கறுத்த கழுத்து, அந்தக் கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கமரா.

கமரா இல்லாமல் அந்தத் தொழில் இல்லை. தண்ணீர் கூரையிலிருந்து ஒழுகியதா, அடியிலிருந்து ஏறியதா, கதவு முத்திரையை யாரும் முறித்தார்களா, தானாக அறுந்ததா என்று பத்துப் பக்கம் எழுதினாலும் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். ஃபோனில் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சில முற்றங்களில் ஃபோனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே அலுவலகம் ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கிக் கொடுத்த கமராதான் புஷ்பராஜின் சாட்சி.

இந்த வருடம் மே மாதம், மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது கிழமையில், அந்தச் சாட்சி பொய்த்துப்போனது.

அலுவலகத்தில் அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்து அனுப்புகிற பெண் சாருஜா. வெள்ளவத்தையிலிருந்து வருகிறவள், மரியாதை தெரிந்த பிள்ளை. அன்று காலை புஷ்பராஜைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அங்கிள், மெசெஞ்சர் வீதிக் கடதாசி இறக்குமதிக்காரற்ற படங்களைக் காப்புறுதிக்காரர் திருப்பி அனுப்பியிருக்கினம். கொன்டெய்னர் நம்பர் வாசிக்க ஏலாதாம்."

"எந்தப் படம் பிள்ளை?"

"நம்பர் இருக்கிற எல்லாப் படமும். ஏப்ரல் மாசத்து ரெண்டு ஃபைலிலயும் இப்பிடித்தான் இருந்தது. அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லாமல் விட்டிட்டன்." கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "கை கொஞ்சம் ஆடியிருக்குப் போல, அங்கிள்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு சொல் புஷ்பராஜுக்குத் தகப்பனின் கையை ஞாபகப்படுத்தியது.

அவருடைய தகப்பன் யேசுரட்ணம் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாள் காலை, பேப்பர் வாசித்துவிட்டு மடியில் வைத்திருந்தபோது அவர் கையிலிருந்த பேப்பர் தானாகச் சரசரத்தது. காற்று என்று நினைத்து எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். பேப்பர் நிற்கவில்லை. பிறகு கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்தது. பிறகு நடை. நடுக்குவாதம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினான்கு வருடம் அப்படி இருந்துதான் போனார். கடைசி நாலு வருடம் அவருக்குச் சவரம் செய்துவிட்டது புஷ்பராஜ்தான். ஒரு கையால் தாடையை இறுக்கிப் பிடித்தால்தான் மறு கையால் பிளேட்டை வைக்கலாம்.

அதே ஐம்பத்து மூன்று. சாருஜாவின் மேசையிலிருந்து திரும்பி வரும்போதே புஷ்பராஜ் தன் வலது கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பார்க்கப் பார்க்க அது ஆடியது. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினால் மேலே மெல்லிய வளையங்கள் ஓடின. படிவத்தை நீட்டினால் தாளின் முனை படபடத்தது. ஆனால் எல்லா நாளும் அல்ல. சில நாள் காலையில் கை கல்லுப்போல நிற்கும். அன்றைக்கு மனம் கொஞ்சம் தேறும். மத்தியானம் மறுபடி ஆடும். தகப்பனுக்கும் முதலில் அப்படி விட்டுவிட்டுத்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வார். படங்களை எடுத்துப் பார்த்தால் சிலதில் எழுத்துகள் கரைந்தும் சில இடங்கள் தெளிவாகவும் இருந்தன. அதுவும் பொருந்திப் போனது.

மனைவி மெற்றில்டாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமனாரின் பதினான்கு வருடத்தில் ஒன்பது வருடத்தை அவளும் சுமந்தவள். இன்னொரு தடவை அதைச் சுமக்கச் சொல்லி எந்த வாயால் கேட்பது? ஆகவே தெருவில் நடக்கும்போது வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தேத்தண்ணீரை இடது கையால் கலக்கினார். "எனக்கு அரைக் கோப்பை காணும்" என்று சொல்லத் தொடங்கினார், முழுக் கோப்பை தளும்பிக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால்.

மெற்றில்டா கவனிக்காமல் இருக்கவில்லை. கவனித்து, தன் பாட்டில் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டாள். மனிதர் தேத்தண்ணீரைக் குறைக்கிறார், முகம் வாடிக் கிடக்கிறது, பேச்சும் குறைந்துவிட்டது. நீரிழிவு, சீனி வருத்தம் வந்திருக்கிறது, பயத்தில் மறைக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் கிழமைக்கு நாலு நாள் பாவற்காய். விடிய வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். ஏன் இவ்வளவு பாவற்காய் என்று கேட்க புஷ்பராஜுக்குத் துணிவில்லை. கேட்டால் பேச்சு வளரும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கசப்பைத் தின்றார்கள்.

ஜூன் மாதம் முதல் கிழமை சாருஜா வந்து சொன்னாள். "அங்கிள், புதுக் கமரா ஒண்டு எடுக்கட்டாம். மனேஜர் சேர் சொன்னவர், பாவிக்கிறது நீங்கள்தானே, நீங்களே பாத்து எடுங்கோ எண்டு."

வேறொரு நேரமாக இருந்தால் புஷ்பராஜ் சந்தோஷப்பட்டிருப்பார். இப்போது அவருக்குக் கேள்வி ஒன்றுதான் இருந்தது. எந்தக் கமரா ஆடுகிற கையை மறைக்கும்?

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குப் பஸ் எடுத்தார். காலி வீதியில் நப்ரீஸ் என்ற முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கமராக்கடை வைத்திருக்கிறார். புதியதும் விற்பார், பழையதும் வாங்கி விற்பார். புஷ்பராஜ் தன் வேலையைச் சொன்னதும் நப்ரீஸ் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தோடம்பழ நிறத்தில், ஆரஞ்சாகப் பளிச்சென்று, ஒரு சின்னக் கமராவை எடுத்தார். எடுத்து, நெஞ்சு உயரத்தில் பிடித்து, நிலத்தில் போட்டார்.

டைல்ஸ் தரையில் அது ரெண்டு குதி குதித்து உருண்டது. புஷ்பராஜ் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க அண்ணன். ஒண்டும் ஆகாது." நப்ரீஸ் குனிந்து எடுத்து, மேலே தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தார். "மழையில நனையட்டும், மண்ணுல விழட்டும், இது எடுக்கும். உங்கட வேலைக்கெண்டே செஞ்ச சாமான்."

"எடுக்கிற ஆளின்ட கை ஆடினா?"

"என்னது?"

"கை ஆடினாத் தம்பி. இது பிடிச்சுக் குடுக்குமா?"

நப்ரீஸ் கமராவைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "கொஞ்சம் பிடிக்கும். ஆனா இது சின்னக் கமராதானே. கொன்டெய்னருக்குள்ள இருட்டு இரிக்கும். இருட்டுல இது மெதுவாத்தான் எடுக்கும், அந்த நேரத்துல கை ஆடினா ஆடினதுதான். நான் பொய் சொல்லி விக்க ஏலா." பிறகு கடைக்கு வெளியே கையைக் காட்டினார். "அப்பிடியெண்டா உங்களுக்குப் பெரிய கமரா சரி. பேப்பர்ல படம் எடுத்த நாகேந்திரம் எண்டு ஒரு பெரியவர் அடுத்த லேன்ல இரிக்கார். அவர்ட பழைய கமரா ஒண்டை விக்கத் தாரேன் எண்டு சொன்னவர். இருட்டுலயும் டக்கெண்டு எடுக்கும். நல்ல வெய்ட்டு. வெய்ட்டு இரிந்தா கை அசையாது. போய்ப் பாத்துட்டு வாங்க, நான் கோல் பண்ணிச் சொல்றேன்."

வெய்ட்டு இருந்தால் கை அசையாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புஷ்பராஜ் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

நாகேந்திரத்தின் வீடு நாலாம் மாடி. எழுபது தாண்டிய, நிமிர்ந்த, கொஞ்சம் கோபக்காரர் போலத் தோன்றும் மனிதர். மனைவி இல்லை. மகள் கனடாவில். புஷ்பராஜ் படியேறிய மூச்சு வாங்கிக்கொண்டு கதவடியில் நின்றபோது, "இருந்து ஆறும்" என்று கதிரையைக் காட்டிவிட்டு அலுமாரியிலிருந்து ஒரு பழைய துவாய் மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மெதுவாக அவிழ்த்தார்.

பெரிய கமரா. விளிம்புகளில் கறுப்புத் தேய்ந்து உலோகம் பளிச்சிட்டது. வில்லையோடு சேர்த்து இரண்டு கிலோ வரும்.

"பதினாலு வருசம் தம்பி. தேர்தல் எடுத்தது, வெள்ளம் எடுத்தது, மீதொட்டமுல்லைப் பக்கம் ஒரு நெருப்பு, அதுவும் எடுத்தது. ஒரு நாள் எண்டாலும் என்னைக் கைவிடேல்லை." அவர் அதைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் தன் சட்டை நுனியால் வில்லை மூடியைத் துடைத்தார். "பிடிச்சுப் பாரும்."

புஷ்பராஜ் வேறு வழியில்லாமல் வலது கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். கமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். கீழே தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். மொறட்டுவைப் பக்கம் போகும் கோச்சி ஒன்று கூவிக்கொண்டு வந்தது. பெட்டிகளின் வாசலில் சனம் தொங்கியது. அவர் அழுத்தினார்.

படத்தைப் பார்த்தால், மிதிபலகையில் நின்ற ஒருவனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது கூடத் தெரிந்தது.

ஒன்றும் ஆடவில்லை. புஷ்பராஜுக்கு மூச்சு வந்தது. வெய்ட்டுத்தான். இந்த வெய்ட்டு இருந்தால் இன்னும் நாலைந்து வருடம் தள்ளலாம். கழுத்து நோகட்டும், ஏணியில் ஏறும்போது இடிபடட்டும், மழைக்குப் பொலித்தீன் சுற்றலாம். "எனக்கு இது பிடிச்சிருக்கு ஐயா" என்றார்.

நாகேந்திரம் கமராவைத் திருப்பி வாங்கித் துவாயில் வைத்தார். பிறகு, "இப்ப பாவிக்கிறதில என்ன குறை?" என்று கேட்டார்.

"படம் கலங்குது."

"எப்பிடிக் கலங்குது? கையில இருக்கோ? காட்டும் பாப்பம்."

காட்டாமல் விடுவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. புஷ்பராஜ் பையிலிருந்து தன் சின்னக் கமராவை எடுத்துக் கொடுத்தார். நாகேந்திரம் அதன் நினைவு அட்டையைக் கழற்றிக் கணினியில் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். கொள்கலன் கதவுகள், முத்திரைகள், நனைந்த கடதாசிக் கட்டுகள். பார்த்துக்கொண்டே போனார். புஷ்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு, சாருஜா சொன்ன அதே சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"இது கமராவின்ட பிழையெல்லோ?" என்றார் நாகேந்திரம்.

"கமரா சரிதான் ஐயா. என்ட கைதான்... கை ஆடுது."

"கையோ?" நாகேந்திரம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இஞ்ச வாரும். இந்த நம்பரைப் பாரும். முதல்ல நாலு இங்கிலிஷ் எழுத்து. அது கரைஞ்சு போய்க் கிடக்கு. பிறகு ஏழு இலக்கம். அது கண்ணாடி மாதிரி. அடுத்த படம். எழுத்துக் கரைஞ்சிருக்கு, இலக்கம் தெளிவு. அடுத்தது. அதே. உம்மட கை எழுத்துக்கு மட்டும் ஆடி, இலக்கத்துக்கு ஆடாமல் நிக்குமோ?"

புஷ்பராஜ் திரைக்குக் கிட்டப் போனார்.

"கை ஆடினா முழுப் படமும் ஒரு பக்கமா இழுபடும் தம்பி. இதில இடது பக்கம் மட்டும்தான் கரையுது. வெயிலில எடுத்ததிலயும் இடது பக்கம், இருட்டில எடுத்ததிலயும் இடது பக்கம். உள்ளுக்க வில்லை சரிஞ்சு போச்சு. எங்கயும் விழுத்தினீரோ?"

மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஒருகொடவத்தையில், நனைந்த கொள்கலன் படியில் கால் வழுக்கியபோது கமரா கதவில் அடிபட்டது. வில்லைக்குழாய் உள்ளே போகாமல் கோணலாக நின்றது. அவர் பெருவிரலால் அழுத்தினார், 'டிக்' என்று உள்ளே போய்விட்டது. மறுபடி போட்டுப் பார்த்தார், வேலை செய்தது. அதோடு அதை மறந்தேபோனார். அதன் சின்னத் திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரிந்தது.

"விழேல்லை, அடிபட்டது. மார்ச்சில."

"பிறகென்ன? அதுக்கு முந்தின படம் இருந்தா எடும் பாப்பம்."

பெப்ரவரிப் படங்கள் அட்டையிலேயே இருந்தன. எழுத்தும் தெளிவு, இலக்கமும் தெளிவு.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா" என்றார் புஷ்பராஜ்.

"என்னத்தை?"

"கை இல்லையெண்டு."

நாகேந்திரம் இன்னொரு தடவை சொன்னார். புஷ்பராஜ் மூன்றாவது தடவையும் கேட்டார். அதற்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நாகேந்திரம் பதறிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றார். இப்படி ஒருவர் கமரா வாங்க வந்த இடத்தில் அழுவதை அவர் கண்டதில்லை.

முதன்முதலாக புஷ்பராஜ் வாய் திறந்தார். தகப்பன், சரசரத்த பேப்பர், அரைக் கோப்பை, எல்லாம் அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் வந்தது. கடைசியில் புஷ்பராஜ் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் மெல்ல ஆடியது.

"ஆனா பாருங்கோ. இது உண்மையா ஆடுதுதானே?"

"ஓம், ஆடுது" என்றார் நாகேந்திரம். "நான் டொக்டர் இல்லைத் தம்பி. படத்தைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும். படத்தில கை ஆடேல்லை. மிச்சத்தை நாளைக்கே போய்க் காட்டும். மனிசிக்குச் சொல்லிப்போட்டுப் போம்."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பம்பலப்பிட்டி தாண்டும்வரை புஷ்பராஜுக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. பாதிப் பாரம் இறங்கிவிட்டது, பாதி இருந்தது. ஆனால் அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு போய் மனைவி முன்னால் வைக்கலாம் என்ற தைரியம் எங்கிருந்தோ வந்திருந்தது.

மெற்றில்டா குசினியில் பாவற்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். அவள் அரிவதை நிறுத்திக் கேட்டாள். கேட்டு முடித்ததும் முதலில் வந்தது கோபம்.

"இதையோ ஒரு மாசமா வயித்துக்குள்ள வச்சிருந்தனீங்கள்? நான் உங்களுக்குச் சீனி வந்திட்டெண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறன்!"

"சீனியா? ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? அரைக் கோப்பை, அரைக் கோப்பை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!" அவள் அரிந்து வைத்த பாவற்காய்த் தட்டைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "எனக்கும் இது வாயில வைக்க ஏலாதப்பா" என்றாள் மெற்றில்டா. சொல்லிக்கொண்டே சிரிக்கத் தொடங்கியவள், சிரிப்பின் நடுவிலேயே அழுதுவிட்டாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒரு பொருளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்கு நானும் வாறன்."

அவர்கள் வழக்கமாகப் போகும் டொக்டர் கொட்டாஞ்சேனையிலேயே டிஸ்பென்சரி வைத்திருக்கும் ஒரு பெண்மணி. நிதானமானவர். புஷ்பராஜின் கைகளை மடியில் சும்மா வைத்திருக்கச் சொல்லி நீண்ட நேரம் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார், அறையின் நீளத்துக்கு நடக்கச் சொன்னார், ஒரு தாளில் பத்து வரி எழுதச் சொன்னார். எழுத்துச் சிறுக்கவில்லை. பிறகு கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். அப்போது ஆடியது, இரண்டு கையும்.

"அப்பாக்கு எப்பிடி இருந்தது? கை சும்மா இருக்கேக்க ஆடினதா, ஏதும் பிடிக்கேக்க ஆடினதா?"

புஷ்பராஜ் யோசித்தார். "சும்மா இருக்கேக்கதான் டொக்டர். மடியில வச்சிருந்தாலே ஆடும்."

"உங்களுக்குச் சும்மா இருக்கேக்க ஆடேல்லை, பிடிக்கேக்கதான் ஆடுது. இது வேற மாதிரி. என்ன குளிசை எடுக்கிறீங்கள்?"

பெப்ரவரியில், பூச்சிமருந்தடித்த அரிசிக் கொள்கலன் ஒன்றுக்குள் போய்வந்ததிலிருந்து அவருக்கு மூச்சு இழுப்பு. யாரோ சொல்லி ஒரு ஃபார்மசியில் வாங்கிய இழுப்புக் குளிசையை நாளுக்கு மூன்று என்று இன்னும் போட்டுக்கொண்டிருந்தார். மெற்றில்டா கைப்பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து நீட்டினாள்.

அதைப் பார்த்ததும் டொக்டரின் முகம் தளர்ந்தது. "இந்தக் குளிசைக்குக் கை ஆடும். இவ்வளவு போட்டா ஆருக்கும் ஆடும். இதை விடுங்கோ. வாயால இழுக்கிற பம்ப் மருந்து எழுதித் தாறன். ரெண்டு கிழமையால வாங்கோ, வந்து இதே தாளில எழுதிக் காட்டுங்கோ."

பத்து நாளிலேயே தெரிந்தது. ஒரு காலை புஷ்பராஜ் முழுக் கோப்பைத் தேத்தண்ணீரைத் தூக்கி, குசினி வாசலில் நின்று மெற்றில்டாவுக்குக் காட்டினார். மேலே ஒரு வளையம் கூட இல்லை. குறித்த நாளில் டொக்டரிடம் போய் எழுதியும் காட்டினார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

கமரா வாங்கும் காரியம் அப்படியே கிடந்தது. அந்த இரண்டு கிழமையும் அலுவலகத்தில் இன்னொருவரின் கமராவை இரவல் வாங்கிச் சமாளித்தார். இப்போதுதான் அவர் முதல் தடவையாக, கையை நினைக்காமல் வேலையை நினைத்துப் பார்த்தார். கொள்கலன் கூரைக்கு ஏணியில் ஏறும்போது ஒரு கை கம்பியில் இருக்க வேண்டும், ஒரு கைதான் கமராவுக்கு. மழைநாளில் ஒழுகுகிற கூரையைத்தானே படம் எடுக்க வேண்டும், வெயில் வரும்வரை காத்திருந்தால் ஒழுக்கு எங்கே? உள்ளே இருட்டுத்தான், அதற்கு நல்ல டோர்ச் ஒன்று போதும். அந்தப் பெரிய கமரா அருமையான கமரா. கோச்சியில் தொங்கியவனின் பொத்தானைக் காட்டிய கமரா. ஆனால் அதை மழைக்குள் கொண்டுபோய்க் கதவில் இடிபடவிட அவருக்கு மனம் வரவில்லை. பயத்தில்தான் அதை வாங்கப் பார்த்தார். பயம் போனபின் அது தன் வேலைக்கு உதவாது என்பது வெளிச்சமாகத் தெரிந்தது.

நாகேந்திரத்துக்கு இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் அந்தக் கமராவைத் தனக்காக எடுத்து வைத்திருப்பார். அவர் அன்று சொல்லியிராவிட்டால் புஷ்பராஜ் இன்னும் பைக்குள் கையை வைத்துக்கொண்டு திரிவார். தயங்கித் தயங்கிக் கடைசியில் ஃபோன் எடுத்தார். முதலில் டொக்டர் சொன்னதைச் சொன்னார்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் நாகேந்திரம். "நான் அண்டைக்கே நினைச்சனான்."

"ஐயா, இன்னொண்டு. அந்தக் கமரா... நான் சின்னதையே எடுப்பம் எண்டு பாக்கிறன். மழைக்குள்ள வேலை. குறை நினைக்காதேங்கோ."

புஷ்பராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தம்பி" என்றது குரல். "நீர் வந்திட்டுப் போனதுக்குப் பிறகு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கேல்லை. மகள்தான் ஒரே ஆக்கினை, பழைய சாமான் எல்லாத்தையும் குடுங்கோ, வீட்டை ஒதுக்குங்கோ எண்டு. நானும் ஓம் எண்டிட்டன். நீர் பிடிச்சிருக்கு எண்டு சொன்ன உடனதான் எனக்கு விளங்கினது, இதை என்னால குடுக்க ஏலாதெண்டு. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் உம்மட கோலுக்குப் பயந்துகொண்டிருந்தனான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஃபோனிலேயே சிரித்தார்கள்.

"கோச்சி எடுத்தீரே, அந்தப் படத்தை அனுப்பி விடுறன்" என்று சொல்லி வைத்தார் நாகேந்திரம்.

நப்ரீஸின் கடையிலிருந்து தோடம்பழ நிறக் கமரா அலுவலகத்துக்கு வந்தது. அதன் முதல் வேலை மெசெஞ்சர் வீதிக்காரரின் கடதாசிக் கொள்கலன். நல்ல காலம், காப்புறுதி விஷயம் தீரும்வரை அதை ஒருகொடவத்தை முற்றத்திலேயே ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். புஷ்பராஜ் போன அன்று விடியற்காலையிலிருந்தே அடை மழை. மழையங்கியைப் போட்டுக்கொண்டு, இடது கையால் ஏணிக் கம்பியைப் பிடித்தபடி, வலது கையால் கூரையிலிருந்த துருத் துளையை எடுத்தார். தண்ணீர் அதற்குள் நூலாக இறங்குவது வரைக்கும் படத்தில் விழுந்தது. கதவில் நாலு எழுத்து, ஏழு இலக்கம், முத்திரை, எல்லாம் எடுத்தார். பின்னேரம் சாருஜா அவற்றைப் பெருப்பித்துப் பார்த்து, அன்றைக்கே அனுப்பிவிட்டாள். அடுத்த கிழமை காப்புறுதிக்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அன்று முற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. வேலை முடித்து இறங்கி வந்தபோது, பக்கத்தில் நின்ற லொறியின் சாரதி, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மாத்தயா, அபேத் பொட்டோ எகக் கன்னகோ" என்றார். எங்களையும் ஒரு படம் எடுங்களேன்.

'எங்களை' என்று அவர் சொன்னது தன்னையும் லொறியையும். அது புது லொறி, அவருடைய சொந்த லொறி, முதல் நாள் ஓட்டம். முன்கண்ணாடியில் பூமாலை மழையில் நனைந்து தொங்கியது. அவர் இறங்கி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையை லொறியின் முகப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மழை முகத்தில் அடித்தது. கண்ணை மூடிவிடக் கூடாதே என்று பாடுபட்டார்.

"அந்தப் பையை எடும், ராசா மாதிரி நில்லும்" என்று புஷ்பராஜ் தமிழிலேயே சொன்னார். சாரதிக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. பையை எறிந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

புஷ்பராஜ் நாலு படம் எடுத்தார். இரண்டாவதில் சாரதி சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை அன்று பின்னேரமே அவருக்கு அனுப்பிவைத்தார்.